பாக்குத்தோப்பு எறும்பும் எஸ்தர் எழுதிய சீட்டும்

எஸ்தர் கண்டுபிடித்த எறும்பின் மேல் பொய் விலாசம் ஒட்டினார்கள். ஒட்டச் சொன்னவர் அவர் வேலை பார்த்த கல்லூரியில் அப்போது பூச்சியியல் துறைத் தலைவராக இருந்தவர். அந்த விலாசத்தை அச்சடித்துக் கொடுத்தவன் நான். இரங்கல் கூட்டத்தில் பேசிய நான்கு பேரும் அவரை எளிமையானவர், கடமை தவறாதவர் என்றார்கள். எறும்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்தின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். எதிரே எஸ்.டி.டி. பூத்துக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து எஸ்தரின் தங்கை பேசினார்.

"அண்ணா, அக்கா போயிட்டாங்க. மஞ்சக்காமாலைங்க. உங்களுக்குச் சொல்லோணும்னு சொல்லியிருந்தாங்க."

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"லெட்டர் வந்துச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்க."

லெட்டர் வரவில்லை. எந்த லெட்டர் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கு வந்த உங்களில் பலருக்கு அவரைக் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவியவராகத்தான் தெரியும். தொண்ணூற்று ஒன்றில் அவர் முதன்முதலாக என் அச்சகப் படி ஏறி வந்து கேட்டது கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெட்டுத் துண்டுகளை.

"ஏனுங்கண்ணா, இந்தக் கழிவையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"அடுப்புக்குப் போகும். உனக்கெதுக்கு அம்மணி?"

"எறும்பு ஒட்டறதுக்குங்க."

"எறும்புக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகையா?"

"உங்களுக்கும் ஒண்ணு வெக்கிறனுங்க. மொய்யோட வந்துருங்க."

எறும்பின் உடம்பில் ஊசி குத்தினால் உடைந்துபோகும். அதனால் அட்டையைச் சின்ன முக்கோணமாக வெட்டி, அதன் நுனியில் எறும்பை ஒட்டி, அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்துவார்கள். அதே ஊசியில் எறும்புக்குக் கீழே ஒரு சீட்டு. எந்த ஊர், எந்த இடம், எடுத்தது யார் என்று அதில் எழுதியிருக்கும். கல்லூரியில் இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பூச்சிகளைக் குத்தி வைக்கும் பெட்டிகளுக்கு ரசகற்பூர உருண்டை வைக்கப் போனவர், பார்த்தே கற்றுக்கொண்டார். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஈய எழுத்தைத் தலைகீழாகக் கோத்துக் கோத்துத்தான் ஆங்கிலம் படித்தேன். எங்களுக்குள் பேச்சு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் கைலென்ஸும் ஒரு டப்பாவுமாக வந்தார். உள்ளே சிவப்புக் கலந்த கறுப்பில் எறும்புகள். தொட்டால் வயிற்றைத் தலைக்கு மேலே தூக்கின. இப்படித் தூக்கும் எறும்பு நம் மரங்களில் ஏராளம். அவர் காட்டியது வேறு.

"கொம்புல எத்தன கணுன்னு எண்ணுங்க."

எண்ணினேன். பத்து.

"இந்த வகையில நம்ம பக்கம் நான் எண்ணினதெல்லாம் பதினொண்ணுங்க. இதுல பத்துத்தான் வருது."

"அப்பப் புதுசுதானே?"

"ஒண்ணை வெச்சுச் சொன்னா ஒடஞ்ச கொம்புன்னு சொல்லிப்போடுவாங்க."

நாற்பது எறும்புகளில் எண்ணினார். மூன்று மாதம் ஆனது. நாற்பதிலும் பத்துத்தான். அவற்றை அவர் எடுத்தது ஒரே ஒரு இடத்தில். மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையில், அவருடைய அப்பா மரமேறிய பாக்குத்தோப்பு. மரத்திலேயே காய்ந்து தொங்கும் மட்டைக்குள் மட்டும் கூடு இருந்தது. கீழே விழுந்த மட்டையில் இல்லை. இவ்வளவையும் நாற்பது சீட்டுகளில் பென்சிலால் தமிழில் எழுதினார். புது எறும்புக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று கேட்டேன். "பேரு அப்பறம் வெச்சுக்கலாமுங்க. ஊடு எங்கன்னு மொதல்ல எழுதிப்போடோணும்" என்றார்.

எஸ்தரின் எறும்புகளும் சேர்ந்த கல்லூரிப் பெட்டிகளை வடக்கே ஓர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் சமயம் துறைத் தலைவர் அச்சகத்துக்கு நேரில் வந்தார். பென்சில் சீட்டு பார்க்க லட்சணமாக இல்லை, அச்சில் வேண்டும் என்றார். எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

"ஊரு ஊரா மாத்திக் கோக்கறதுன்னா பத்து நாளாகுங்க. எல்லாத்துக்கும் ஒரே ஊருன்னா நாளைக்கே தாரேன்."

இந்த யோசனையைக் கொடுத்தது நான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம் கோயமுத்தூர் ஜில்லாதானே? கோயமுத்தூர்னே போட்டுருங்க" என்றார். எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரைச் சொன்னார். எந்தப் பூச்சிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பழைய சீட்டை உருவிவிட்டுப் புதியதைக் குத்தும் வேலையை எஸ்தரிடமே கொடுத்தார்கள். "சார், இது மேட்டுப்பாளையமுங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "ஏம்மா, மேட்டுப்பாளையம் என்ன மைசூர்லயா இருக்கு?" என்று பதில் வந்திருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பென்சில் சீட்டுகள் குப்பைக்குப் போயின.

அருங்காட்சியகம் பதில் எழுதியது. புது இனமாக இருக்கலாம், ராணி எறும்பும் கூடும் வேண்டும், கோயமுத்தூரில் சரியாக எந்த இடம் என்று கேட்டது. துறைத் தலைவர் ஒரு மாதம் மாணவர்களை விட்டுக் கல்லூரி மரங்களையெல்லாம் தேடச் சொன்னார். இல்லாத இடத்தில் எப்படிக் கிடைக்கும்? மேட்டுப்பாளையம் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. எடுத்தவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்ட பிறகு, எடுத்த இடம் தவறு என்று எழுத முடியுமா? இனிமேல் கிடைக்காது என்று மட்டும் எழுதினார். இடம் உறுதியாகாததற்குப் பெயர் வைப்பதில்லை என்று பெட்டியை அங்கே ஒதுக்கிவிட்டார்கள்.

எஸ்தர் ஞாயிறுதோறும் கோயில் முடிந்து தோப்புக்குப் போவார். தோப்பு கைமாறியது. புதிதாக வாங்கியவர் காய்ந்த மட்டையையெல்லாம் இழுத்துப்போட்டுக் கொளுத்தினார், பிறகு மரங்களை வெட்டி மனை போட்டார். நான் ஒரு முறை கூடப் போனேன். கல் நட்ட மனைகளுக்கு நடுவில் நான்கைந்து மரங்கள்தான் மிச்சம். ஒரு மட்டையைக் குச்சியால் தட்டினார். எறும்புகள் வெளியே வந்தன. லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"பதினொண்ணுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் சொன்னேன். "அந்தச் சீட்டை அடிச்சது நான்தான் அம்மணி."

"தெரியுமுங்கண்ணா. கோயமுத்தூர்ல ஒரு எழுத்து மூக்கு ஒடஞ்சிருந்துச்சு. நீங்க அடிச்ச பத்திரிகையிலயும் அதே எழுத்து ஒடஞ்சிருக்கும்."

ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் என்னிடம் அட்டைத் துண்டு வாங்கிப் போயிருக்கிறார்.

துறைத் தலைவர் ஓய்வு பெற்றபோது எஸ்தர் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அருங்காட்சியகத்துக்கு ஒரு லெட்டர் எழுதி, அதன் நகல் ஒன்றைத் தனக்கும் அனுப்ப வேண்டும். "எழுதறேம்மா" என்றார். சாகும்போது எஸ்தர் கேட்ட லெட்டர் அதுதான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நடக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தத் தலைவர் இந்த ஊரில்தான் இருக்கிறார். இடம் கோயமுத்தூர் இல்லை, எடுத்தவன் நான் இல்லை என்று தன் கையால் அவர் எழுத வேண்டும். இப்போதைய தலைவர் அதைக் கல்லூரியின் கடிதமாக அனுப்ப வேண்டும். அருங்காட்சியகத்தில் இருப்பவர் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து என் சீட்டை உருவி எறிய வேண்டும். உங்களில் நடக்கத் தெம்புள்ளவர்கள் பவானிக் கரையில் மிச்சமிருக்கும் பாக்குத்தோப்புகளில் தொங்கும் மட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணுவை ஒரு எறும்பில் எண்ணிவிட்டு வராதீர்கள். நாற்பதில் எண்ணுங்கள்.

அந்த மூக்கு உடைந்த எழுத்தோடு கோத்த அச்சை நான் இன்னும் பிரித்துப் போடவில்லை. நூல் கட்டியபடியே மேசையில் வைத்திருக்கிறேன். எஸ்தர் அடையாளம் கண்ட எழுத்து அதில்தான் இருக்கிறது. என் பங்கு வேலையை நேற்று முடித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் நாற்பது சீட்டு அடித்திருக்கிறேன். குத்த வேண்டிய எறும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீட்டில் இருப்பது இவ்வளவுதான்:

மேட்டுப்பாளையம், பவானிக் கரை, பாக்குத்தோப்பு. மரத்தில் தொங்கும் காய்ந்த மட்டைக்குள். எடுத்தவர்: எஸ்தர்.