ஹெர்டிஸ் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவாள்

மே மாதம் வந்துவிட்டால் வடக்கு ஐஸ்லாந்தின் அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. ஆடுகள் குட்டி போடும் காலம். சூரியனும் பேருக்கு மலைக்குப் பின்னால் போய்விட்டு உடனே திரும்பிவிடும். கூட்டுறவுக் கடையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் முதல் கேள்வி, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதுதான். மூன்று என்று சொன்னவனை இரண்டு என்று சொன்னவன் பரிதாபமாகப் பார்ப்பான். எங்கள் ஆட்களுக்குத் தற்பெருமை பிடிக்காது என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் மே மாதத்தில் இந்தக் கடைக்கு வந்ததில்லை.

அதே கடையில் நின்று “எட்டு மணி நேரம்” என்று சொன்ன ஒரே ஆள் ஹெர்டிஸ்.

நாற்பத்தாறு வயது. நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள். ஒண்டியாள். பத்தொன்பது வயதில் வலிப்பு வந்தது, மாத்திரையில் ஓரளவு அடங்கியது. தூக்கம்தான் அடங்க மறுத்தது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், வலிப்பு வந்தால் தூக்கம் கெடும். தூங்கும்போதே வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பாதி ராத்திரி போய்விடும். காலையில் கண் திறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பார்ப்பது. கடிபட்டிருந்தால் ராத்திரி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

போன வருடம் அவளும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். ஒருநாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். நேரமாகிவிட்டது என்று ஓடிப்போய் நூற்றுப் பன்னிரண்டுக்கும் வைக்கோல் போட்டு முடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். விடிகாலை மணி மூன்றரை. சரி, எழுந்தது எழுந்தாகிவிட்டது என்று அப்படியே வேலையைத் தொடர்ந்தாள். இப்படிப் பல நாள். ஜூன் இரண்டாம் தேதி கொட்டகையில் விழுந்தாள். நினைவு திரும்பியபோது ஓர் ஆடு அவள் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் உரிமம் பறிபோனது. முழுதாக ஒரு வருடம் வலிப்பு இல்லாமல் இருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். கடை நாற்பது கிலோமீட்டர் தள்ளி. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி கெஸ்டூர் பொறுமையாகத்தான் சொன்னான்: “அடுத்த ஜூன்ல லைசென்ஸ் வரலேன்னா ஆட்ட எல்லாம் வித்துட்டு டவுனுக்கு வந்துடுக்கா. எத்தன நாளைக்கு அடுத்தவங்க வண்டிக்குக் காத்துக் கெடப்ப?”

டாக்டரம்மா மாத்திரையையும் அதைச் சாப்பிடும் நேரத்தையும் மாற்றினார். “மாத்திரைய நான் பாத்துக்கறேன். தூக்கம் உங்க பொறுப்பு” என்றார்.

ஹெர்டிஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வைக்கோல் உருளைகளைச் சுற்றிவரும் கறுப்பு பிளாஸ்டிக்கை வெட்டிப் படுக்கையறை ஜன்னலில் மூன்று மடிப்பாக ஒட்டினாள். உள்ளே நடுப்பகலும் இருட்டுத்தான். பிறகு ஆடுகளின் பக்கம் திரும்பினாள். சாயங்காலம் வயிறு நிறையத் தின்ற ஆடு பெரும்பாலும் பகலில்தான் குட்டி போடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். ஏப்ரல் பாதியிலிருந்து காலைத் தீனியை நிறுத்தி, எல்லாவற்றையும் மாலை ஆறு மணிக்குப் போட்டாள். தன் தூக்கத்தை ஆடுகளுக்காக மாற்ற முடியாது, ஆகவே ஆடுகள் மாறட்டும் என்பது அவள் கணக்கு.

பக்கத்துப் பண்ணை பிராண்டூர் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். காப்பி குடிக்க வந்தவன் கறுப்பு ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்னடி இது, உள்ள காளான் வளக்கிறியா?”

“தூக்கம் வளக்கிறேன். நல்லா வருது.”

“குட்டி போடுற காலத்துல தூங்குற பண்ணைக்காரிய எங்க தாத்தா காலத்துலகூட யாரும் பாத்ததில்ல.”

“உங்க தாத்தா காலத்துல லைசென்ஸ் கிடையாது. காப்பியக் குடி, ஆறிடும்.”

கணக்கு பெரும்பாலும் பலித்தது. பத்தில் எட்டு ஆடுகள் பகலில், அவள் விழித்திருக்கும் நேரத்திலேயே போட்டன. மீதி ஆடுகள் அவளுடைய சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை.

மே இருபத்தெட்டாம் தேதி மாலை, வெள்ளைக்கால் ஹோசா கொட்டகை மூலையில் நின்று தரையைக் காலால் பறித்துக்கொண்டிருந்தது. மடி கனத்திருந்தது. இன்றைக்குத்தான் என்று ஹெர்டிஸுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையால் பால் குடித்து வளர்ந்த ஆடு அது. எட்டு ஐம்பது வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் என்ன என்று மனசு கெஞ்சியது. போன வருடமும் இப்படி ஒவ்வொரு மணி நேரமாகத்தான் தூக்கம் போனது. ஹோசாவின் நெற்றியைத் தேய்த்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் குட்டி செத்துக் கிடந்தது. மூக்கை மூடியிருந்த சவ்வைக் கிழித்துவிட ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். பழுப்பு நிறம், பெண் குட்டி. ஹெர்டிஸ் வைக்கோலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்றைக்கும் வந்த பிராண்டூர், வாளியில் கிடந்த குட்டியைப் பார்த்தான். “ஒரு ராத்திரி முழிச்சிருந்தா இது பொழச்சிருக்கும்” என்றான்.

“பொழச்சிருக்கும். நான் விழுந்திருப்பேன். அப்புறம் மீதி அத்தனையும் சந்தைக்குப் போயிருக்கும்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாததா சொல்ல வந்துட்ட? போய் உன் கொட்டகையப் பாரு.”

அன்று இரவும் ஒன்பது மணிக்கே படுத்தாள்.

ஜூன் இரண்டாம் தேதி காலையில் நாக்கால் கன்னத்தைத் தடவினாள். வழவழப்பாக இருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை தடவினாள். பிறகு கறுப்பு அறைக்குள் தனியாகப் படுத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு வாரத்தில் தபால் வண்டி உரிமத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. கடையில் வாங்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் வண்டியை எடுத்துக் கிளம்பினாள். நல்ல வெயில். மூன்றாவது வளைவில் பிராண்டூரின் ஜீப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. மழையே இல்லாத நாளில் கண்ணாடித் துடைப்பான்கள் ஆடிக்கொண்டிருந்தன. பதறி ஓடினாள். உள்ளே பிராண்டூர், ஒரு கீறல்கூட இல்லாமல், ஸ்டியரிங்கில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணாடியைத் தட்டினாள். திடுக்கிட்டு விழித்தான்.

“நீ எப்படி இங்க?”

“ஓட்டிக்கிட்டு வந்தேன்.” கதவைத் திறந்தாள். “நேத்து எத்தன மணி நேரம் தூங்குன?”

கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவன் இப்போது தன் கால்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஒண்ணே கால்.”

“இன்னும் குட்டி போட எத்தன ஆடு பாக்கி?”

“பதினஞ்சு. இந்த வருஷம் எல்லாம் லேட்டு. கடையில சொல்லிடாதடி.”

“சொல்லல. என் வண்டியில ஏறு. நேரா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்க, ஒன்பது மணி வரைக்கும் உன் கொட்டகைய நான் பாத்துக்கறேன்.” அவன் ஏறியதும் கிளட்சை மிதித்தாள். “ஒன்பதுக்கு மேல உன் பாடு. நான் படுத்துடுவேன்.”