லவ்வாரில் ஒரு தகர வாளி

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் கட்டுரை எழுத வந்ததைத் தாராவிச் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே என் பேச்சைக் கேட்க என் மகன் துரையை விட்டால் ஆள் இல்லை.

பிரான்சில் நாங்கள் இருக்கும் இந்தக் கிராமத்தில் தண்ணீர் ராப்பகலாகச் சும்மா ஓடுகிறது. பிடிக்க ஆள் இல்லை. தாராவியில் எங்கள் சால் கட்டடத்தில் ஒரு மாடியில் இருந்த ஜனம்கூட இந்த ஊரில் இருக்காது. ஆனாலும் தனியாக மேயர் உண்டு. ஊர் நடுவே ஓட்டுக்கூரையின் கீழ் ஒரு கல்தொட்டி. லவ்வார் என்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் துணி துவைத்த இடமாம். சாமி சன்னதிபோல் சுற்றிலும் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஊரெங்கும் நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் முட்டிபோட்டுத் துவைக்கும் படம், கீழே தேதி. எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது: அன்றைக்கு ஊரே அங்கே துவைக்கப்போகிறது. அன்று மதியம் துரையின் சாப்பாட்டுக் கடையில்தான் மேயரின் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு. கடையின் வாஷிங் மெஷினோ படுத்துவிட்டது. எனவே முந்தின நாள் மாலையே அழுக்கு மேசைவிரிப்புகளைத் தகர வாளியில் திணித்து, லவ்வாரின் முதல் கல்லருகே வைத்துவிட்டு வந்தேன். தாராவிக் குழாயடியில் வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை நகர்த்தியவள் தொலைந்தாள். "எவட்டி என் வாளியப் பின்னால தள்ளுனது? ஒங்கப்பன் வீட்டுக் குழாயா இது?" என்று பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஆரம்பித்தால் சந்தே எழுந்துவிடும்.

காலையில் போனால் ஊரே கூடியிருந்தது. ஒருவர் கையிலும் துணி இல்லை. என் வாளியைச் சுற்றிப் பூ வைத்திருந்தார்கள். மேயர் அதைக் காட்டிக் காட்டிப் பேசினார். துரை முகம் வெளிறி ஓடிவந்தான்.

"எம்மா, அது நம்ம கடை வாளி மாரி இருக்கே?"

"நம்மதுதான்ல. எடம் போட்டு வச்சிருக்கேன்."

"இங்க யாரும் தொவைக்க மாட்டாங்கம்மா, பழைய எடம்னு சும்மா பாக்கதுக்கு வாராங்க! வாளியையும் அந்தக் காலத்துதுன்னு நெனச்சிட்டாங்க. லஃப்டா, தகராறு எதுவும் பண்ணிராதீங்க. கடைக் கட்டடம் பஞ்சாயத்தோடது. இந்த மாசம் குத்தகை முடியுது, அந்த மேயரு நீட்டலைன்னா நாம பெட்டி கட்டணும்."

அந்தக் காலத்துப் பெண்கள் இங்கே ஆனந்தமாகப் பாடிக்கொண்டே துவைத்தார்கள் என்று மேயர் சொன்னாராம். குழாயடியில் நான் கேட்டதெல்லாம் பாட்டு இல்லை.

விருந்துக்கு விரிப்பு வேண்டுமே. தலையைக் குனிந்தபடி போய்ச் சோப்புப் போட்டேன். உடனே எல்லார் கையிலும் போன் எழுந்தது. தாராவிச் சந்துக்கும் வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்து இப்படித்தான் படம் எடுப்பார்கள். அங்கே நாங்கள் பரிதாபம், இங்கே பாரம்பரியம்.

மேயர் துரையின் காதில் ஏதோ சொன்னார்.

"வருசா வருசம் வெள்ளத் தொப்பி போட்டு இப்படித் தொவைப்பீங்களான்னு கேக்காரும்மா. சரின்னு சொல்லிருங்க."

நனைந்த விரிப்பின் மறுமுனையை மேயரிடம் நீட்டினேன். குழாயடியில் யார் எதிரே நின்றாலும் பிழிய அப்படித்தான் நீட்டுவோம். வாங்கிக்கொண்டார். நான் முறுக்கிய திசையிலேயே அவரும் முறுக்க, துணி பிழியாமல் சும்மா சுற்றியது.

"அந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டேன். இந்த ஊரில் நான் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை. மேயர் திருப்பி முறுக்கினார். தண்ணீர் முழுவதும் அவர் ஷூவில் கொட்டியது. ஊர் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

"தொப்பிய அவரு போடட்டும், நான் தொவைக்கேன்னு சொல்லுல" என்றேன். துரை தலையில் கை வைத்தான். என்ன சொல்லிச் சமாளித்தானோ தெரியாது.

சாயங்காலம் வாளியை எடுக்கப் போனேன். எடுக்க மனம் வரவில்லை. தாராவிக் குழாயடியில் என் இடத்தில் இந்நேரம் யார் வாளியோ நிற்கும். இங்கே என் வாளிதான் முதலில் நிற்கிறது, பின்னால் ஒன்றுமில்லை.

மறுநாள் மேயர் கடைக்கு வந்து, குத்தகையை அடுத்த லவ்வார் விழாவரை ஓர் ஆண்டு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காப்பி குடித்துப் போனார். தொப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.