மல்லிகா டீச்சரின் எவர்சில்வர் டப்பா

காலையில் மிஞ்சிய இட்லிகளைக் குப்பைக்கூடையில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "மல்லிகா டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார் தலைமையாசிரியை. அவர் இறந்த சேதியை என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டேன் என்பது எனக்கு உறைக்கச் சில நாட்கள் ஆயின.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அந்த டப்பாவைத் தெரியும். திருநள்ளாறு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். நேற்றைய சோற்றை அரைத்து, அரிசி மாவும் சீரகமும் சேர்த்துப் பிழிந்த முறுக்கு இருக்கும். உருளைக்கிழங்குத் தோல் வறுவல் இருக்கும். கணவரின் பூஜைக் கடையில் விற்காமல் நின்ற தேங்காய், பர்பியாகி வரும். கடைசி பீரியட் முடிந்ததும் அதன்மேல் நாம் விழுந்த அழகைச் சொல்லவா வேண்டும். "மிஞ்சுனதுல பண்ணுனதுதாங்க. பசிக்கு அது தெரியவா போவுது?" என்பார்.

விளையாட்டு விழாவில் தர்பூசணி வெட்டியபோது தோலையெல்லாம் சீவி ஒரு பையில் கட்டினார். "ஆட்டுக்கா டீச்சர்?" என்று பி.டி. சார் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் டூட்டி ஃப்ரூட்டி போட்ட ரவா கேக் வந்தது. பி.டி. சார் இரண்டு துண்டு தின்றுவிட்டு எந்த பேக்கரி என்று விசாரித்தார். "அந்த ஆட்டுத் தீனிதான் சார், பாகுல ஊறியிருக்கு" என்றார் டீச்சர்.

"ரொம்பச் சுலபங்க. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, சேர்ந்தே பண்ணுவோம்" என்று என்னை எத்தனையோ முறை கூப்பிட்டார். "நீங்கதான் கொண்டாந்துடுறீங்களே, எனக்கு எதுக்கு?" என்பேன். அதைக் கெட்டிக்காரப் பேச்சென்று வேறு நினைத்திருந்தேன்.

இரங்கல் கூட்டம் என் ஏற்பாடு. யாரும் குறை சொல்லக் கூடாதே என்று ஆளுக்கொரு பேக்கரிப் பெட்டி: பப்ஸ், கேக், மிக்சர். அவருடைய சிக்கனத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசினோம். நான் நன்றாகவே பேசினேன். பிறகு பாதி தின்ற பெட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனோம். திரும்பி வந்தால், அவர் கணவர் அந்தத் தொட்டியின் முன்னால் குனிந்து நிற்கிறார். பிரிக்காத மிக்சர் பொட்டலங்களைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அவ இருந்தா எடுத்துருப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தானே அன்று கலைந்து போனோம்.

நேற்று தர்பூசணி வாங்கினேன். தோலை எறியக் கை வரவில்லை. செய்முறை யூடியூபில் கிடைக்கும் என்றாள் மகள். கிடைக்கத்தான் செய்தது. கூப்பிட்டுச் சொல்லித்தர ஒருத்தர் இருந்தபோது போகாதவள், போனைப் பார்த்துக்கொண்டு பாகு காய்ச்சினேன். பாகு முற்றி, துண்டெல்லாம் ரப்பராகிவிட்டது.

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, குப்பைக்கூடையைத் திறக்கும்போது வருகிற இந்த வெட்கம்தான். அது போகாமல் இருக்கட்டும். அந்த ரப்பரையும் நான் எறியவில்லை. திங்கட்கிழமை டப்பாவில் கொண்டு வருகிறேன். கடிபடாது. ஆளுக்கொன்று எடுத்து, பாகு கரையும் வரை வாயில் வைத்திருங்கள்.