தொண்ணூற்றொன்பதை யாரிடம் விட்டார்?

1941 நவம்பர் ஒன்பது, ஞாயிறு, மாலை நாலேகால் மணி. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில், நனைந்த கம்பளியோடு ஆட்டுக் கிடைக்காரர் வந்து நின்றார். தோளில் ஓர் ஆட்டுக்குட்டி. அதன் காலில் முள் கிழித்த கோடுகள் மூன்று, எண்ணினேன். "கெடச்சிருச்சுங்க சார்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மிராசுதாரின் அறுபத்துமூன்று ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர் அவர். கிறிஸ்துமஸில் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஞாயிறுதோறும் என்னிடம் வேதபாடம் கேட்டு வந்தார். அந்த ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்பு, வேதத்திலிருந்து காணாமற்போன ஆட்டின் கதையை வாசித்தேன்: நூறில் ஒன்று தொலைய, மேய்ப்பர் மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டு அதைத் தேடிப் போகிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தத் தொண்ணூத்தொம்பதையும் யாருகிட்ட விட்டுட்டுப் போனாருங்க?"

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தப்பிய ஆட்டைத் தேடிப் போகிறவர், பக்கத்துக் கிடைக்காரரிடம் தன் கம்பைக் கொடுத்துவிட்டுத்தான் போவார். கம்பை வாங்கியவர் மந்தைக்குப் பொறுப்பு. நான் வசனத்தை விரல் வைத்து இரண்டு தரம் பார்த்தேன். கம்பும் இல்லை, இன்னொரு மேய்ப்பரும் இல்லை. யாரிடமும் விடவில்லை, வனாந்தரத்தில் விட்டுப் போனார், அதுதான் விசுவாசம் என்றேன். கடைசி இரண்டு சொற்கள் வசனத்தில் இல்லை, நான் சேர்த்தவை.

குட்டி தப்பிய அந்த நவம்பர் ஞாயிறன்று பக்கத்துக் கிடைக்காரர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாராம். இவர் கம்பைக் கொடுக்கவில்லை. குட்டி கிடைத்ததும் மந்தைக்குத் திரும்பவுமில்லை. கதையில் மேய்ப்பர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறார் அல்லவா, அதற்காக என்னிடம் வந்துவிட்டார். நானும் இருபது நிமிஷம் உட்கார்த்திவைத்துப் பேசினேன். அவர் போய்ப் பார்த்தபோது நாய்கள் ஆறு ஆடுகளைக் குதறியிருந்தன.

மறுநாள் மிராசுதார் பள்ளிக்கே வந்தார். "ஒங்க சாமி ஒண்ணைத் தேடச் சொன்னாரு. என் ஆறை யாரு தேடுவா வாத்தியாரே?" என்றார். கிடைக்காரர் தலைகுனிந்து நின்றார். அது உவமை, கடவுளின் இரக்கத்தைச் சொல்வது, மேய்ச்சலுக்குச் சொன்ன விதியல்ல என்று அவருக்கு அப்போதுதான் விளக்கினேன்.

"கேட்டன்னைக்கே அதச் சொல்லியிருக்கலாமுங்களே, சார்."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

எனக்கு இப்போது எண்பத்தொரு வயது. அந்தப் பகுதியை வேதக்கோவிலில் இதுவரை முப்பத்தெட்டு முறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட மனம் உட்கார்ந்து கேட்டதில்லை. முதலில் அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு ஆடு தெரியும். சொல்லாமல் விட்ட கம்பை அவர்களே கையில் வைத்திருந்திருப்பார்கள். எங்கள் கிடைக்காரரும் வைத்திருந்தார். நான்தான் பிடுங்கிவிட்டேன்.

தோளில் வந்த குட்டி பிழைத்துக்கொண்டது. செத்த ஆறுக்கும், தலைக்கு நாலு ரூபாய் வீதம், என் பதினான்கு ரூபாய்ச் சம்பளத்திலிருந்து எட்டு மாதம் கட்டினேன். இருபத்துநான்கு ரூபாய்.