கேசட் நாடா கட்டிய மீன்குளம்

நீர்க்காகத்தை விரட்ட வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேனே, அந்தப் பெருமை இன்று விழுப்புரம் பஸ்ஸோடு போயிற்று.

வீட்டிலிருந்த பாட்டுக் கேசட்டையெல்லாம் உருவி, நாடாவைத் தோட்டத்து மீன்குளத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தேன். காற்றில் மின்னும், விர்ரென்று சத்தம் போடும். நீர்க்காகம் வரவில்லை, கொக்கும் வரவில்லை. மீன்குஞ்சு மட்டும் குறைந்துகொண்டே போனது.

பஸ்ஸில் பக்கத்துக் கொல்லை மங்கா அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

“நீ நல்லா இருக்கணும் தம்பி. நாடா கட்னதுலேர்ந்து பருந்து பேஜாரே இல்ல. நீ வேலைக்குக் கெளம்பனதும் என் வாத்துங்க உன் குளத்துலதான் மேஞ்சிக்கினு இருக்குதுங்க.”

“மீன்குஞ்ச தின்னுதாக்கா?”

“இன்னாத்த தின்னுதோ, முட்டை நல்லா பெருசா வுடுது.”

கூடையிலிருந்து நாலு முட்டையை எடுத்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி முட்டைக் குழம்பு. குளம் வெட்டியதிலிருந்து எங்கள் தட்டுக்கு வந்த மீன் இதுதான். பாட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிடவும் வழியில்லை.

வாத்தை விரட்ட வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முட்டை மட்டும் நின்றுவிடக் கூடாது.