டீசன்ட் - இணைச்சொல் தருக

புனேவில் என்னை எல்லாரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் பெயர் எழிலரசன். ஊரில் மா. எழிலரசன், அந்த 'மா' மாரியப்பன். வேலையில் சேர்ந்த அன்று கணினி 'சர்நேம்' கேட்டது. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை, ஒற்றை எழுத்தைப் போட்டாலும் ஏற்கவில்லை. அப்பா பெயரை முழுதாக அடித்தேன். அன்றிலிருந்து விமான் நகர் அலுவலக வாசலில் காவலாளி "குட் மார்னிங், மாரியப்பன் சார்" என்கிறார். திண்டிவனம் விற்பனைக்கூடத்தில் அப்பா நெல்மூட்டை தூக்குகிறார். அங்கே அவரை ஒருவரும் சார் என்று சொன்னதில்லை. "ஏ மாரி, இங்க வா"தான். இங்கே கண்ணாடிக் கட்டடத்துக்குள் அவர் பெயருக்குத் தினமும் சலாம் விழுகிறது. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீடு தேடக் கிளம்பிய பிறகு அந்தப் பெருமை போய்விட்டது.

வீடு தேடியது தங்கைக்காக. கயல்விழி பிம்ப்ரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த விடுதியை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நானோ மூன்று பையன்களோடு ஒரே அறையில் கிடந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து இருக்க ஒரு வீடு அமையாவிட்டால் அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் அவள். அவள் ஊருக்குத் திரும்புவது என்றால் அது பேருந்து ஏறி வருவது மட்டுமல்ல என்பது ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

வீட்டுத் தரகர் கிரண் நல்ல மனிதர். ஒவ்வொரு உரிமையாளரிடமும் போனில் முதலில் சொல்வது, "டீசன்ட் லோக் ஹைன்." டீசன்டான ஆட்கள். உரிமையாளர்கள் போடும் விளம்பரத்திலும் அதுதான்: டீசன்ட் ஃபேமிலி ஒன்லி. "டீசன்ட்னா என்ன பாய்?" என்று ஒருநாள் என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவர் பைக்கை நிறுத்தாமலே சிரித்தார். "டீசன்ட் மத்லப் டீசன்ட், சார்." டீசன்ட் என்றால் டீசன்ட்தான்.

எனக்கு அந்தச் சொல் பத்தாம் வகுப்பிலிருந்தே பழக்கம். ஆங்கிலத் தாளில் முதல் கேள்வியே இணைச்சொல்தான்: அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பக்கத்தில் நான்கு சொற்கள், சரியானதற்கு ஒரு டிக். கட்டுரை எழுத வராது, கடிதம் எழுத வராது, ஆனால் சினானிம் மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்பதுதான் எங்கள் பள்ளியின் பாடத்திட்டம். விற்பனைக்கூடத்தில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் உட்கார்ந்திருக்கும்போது, மூட்டைகளுக்கு நடுவே நான் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். டீசன்ட், ரெஸ்பெக்டபிள். டீசன்ட், ப்ராப்பர். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் வாக்கியம் அப்படியே இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

புனேயின் உரிமையாளர்கள் மீதிப் பாடத்தை நடத்தினார்கள். ஒருவர் 'கல்ச்சர்ட்' ஆட்கள் வேண்டும் என்றார். இன்னொருவர் 'குட் க்ரவுட்' என்றார். வேறொரு அம்மாள், சமையலறையைக் காட்டாமலே, 'ப்யூர்' என்றார். கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது சர்நேமில். "மாரியப்பன்? அப்படின்னா பிள்ளையா? ஐயரா? நாயரா?" அப்பா பெயர் என்றால், "அது சரி, சர்நேம் என்ன?" அவர்களுடைய அலமாரித் தட்டுகளில் எதிலும் என் பெயர் உட்காரவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாத பொருளை யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை.

அதனால்தான், கேம்ப் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி காலியாக இருக்கிறது என்று கிரண் சொன்னபோது அப்படி மகிழ்ந்தேன். கயலும் வந்தாள். கூடத்தில் முருகன் படம், தமிழ் நாட்காட்டி. இரண்டு தலைமுறையாகப் புனேவில் இருக்கும் அந்த ஆன்ட்டி, தமிழைக் கேட்டதும் மலர்ந்துபோனார். அவர் தமிழில் மராத்தியும் இந்தியும் கலந்திருந்தன: பாஜூ என்றால் பக்கம், பாஜி காய்கறி, தாஜா புதுசு, ஜாடு துடைப்பம், பாயி வேலைக்காரம்மா.

"உக்காருங்க, மொதல்ல பானி குடிங்க. இங்க எல்லாம் பாஜூலயே இருக்குப்பா. பாஜி தினமும் தாஜாவா கெடைக்கும். ஜாடு போட பாயி காலையில வந்துடுவா. எந்த ஊரு நீங்க?"

"திண்டிவனம் பக்கம், ஆன்ட்டி." கிராமத்தின் பெயரையும் சொன்னேன்.

"அடடே, அங்கிளுக்கு செஞ்சி. உங்க ஊருக்குத் தேர் பாக்க வந்திருக்கோமே. தேர் நிக்கிற தெருவா நீங்க?"

"அங்கேருந்து கொஞ்சம் தள்ளி."

"தள்ளின்னா? ஏரிக்கரைப் பக்கமா?"

"ஹைவே பக்கம் ஆன்ட்டி. எக்ஸ்டென்ஷன் மாதிரி."

கயல் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "காலனி, ஆன்ட்டி. தேரு எங்க பக்கம் வராது."

ஆன்ட்டியின் புன்னகை அப்படியேதான் இருந்தது. பேச்சுதான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஏறிக்கொண்டது. "நோ, நோ, வீ டோன்ட் சீ ஆல் தட். ஜஸ்ட் டீசன்ட் பீப்பிளா இருக்கணும், தட்ஸ் ஆல். அங்கிள் கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." மராத்திக்காரர்களுக்கு மூன்று வாரமாகப் பிடிபடாத என் பெயரை ஒரு தமிழ்க்காரர் ஒரு காபி ஆறுவதற்குள் எடுத்து உரிய தட்டில் வைத்துவிட்டார். சொந்த மொழியின் வசதி இது.

படியிறங்கும்போது கயல் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எக்ஸ்டென்ஷனா? நம்ம காலனிக்கு இங்கிலீஷ்ல பேரு வெச்ச மொத ஆளு நீதாண்ணா. ஊருக்குப் போனா ஒரு போர்டு போட்டுடு."

"வாய மூடிட்டு இருந்திருந்தா வீடு கெடைச்சிருக்கும்."

"கெடைச்சிருக்கும். அப்புறம் அம்மா வருவாங்க. அப்பா வருவாரு. அவங்களுக்கும் சொல்லிக்குடுப்பியா, எக்ஸ்டென்ஷன்னு?"

மாலையில் கிரண் கூப்பிட்டார். அந்த மாடிக்கு உரிமையாளரின் உறவினர் யாரோ வருகிறாராம். "டென்ஷன் ஆகாதீங்க சார். நீங்க டீசன்ட் ஆளுங்க, வேற காட்டறேன்."

அவர் காட்டியது பிம்ப்ரியில், ஒரு தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மாடி அறை. உரிமையாளரைத் தெருவே மாவ்ஷி என்றது, மராத்தியில் சித்தி. அவர் வீட்டுச் சுவரில் புத்தர், பக்கத்தில் நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டவரின் படம். எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்கு மேலே மாட்டியிருப்பதும் அவர் படம்தான். மாவ்ஷி சுற்றி வளைக்கவில்லை. "கோன் லோக் ஹோ?" என்றார். நீங்கள் எந்த ஜனம்? கயல் அந்தப் படத்தைக் கைகாட்டினாள். மாவ்ஷி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சாவியை எடுத்தார். இந்த நகரத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மறுநாள் குடிவந்தோம். சாவியைக் கையில் வைக்கும்போது மாவ்ஷி ஒரு வார்த்தை சொன்னார். உத்தரப்பிரதேசம், பீகார் பையன்கள் யாரும் மேலே வரக்கூடாது, அழுக்குப் பிடித்த ஜனங்கள். "யஹான் சப் டீசன்ட் லோக் ரஹ்தே ஹைன், பேட்டா." இங்கே இருப்பவர்கள் எல்லாரும் டீசன்ட் ஆட்கள், மகனே.

அப்போது தெருவில் ராஜேஷ் நின்றுகொண்டிருந்தான். பீகார்க்காரன், என் அறைத்தோழன், அதே அலுவலகம். நான் காய்ச்சலில் கிடந்தபோது தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவன். என் பெட்டிகளை அவனுடைய பைக்கில் கட்டிக்கொண்டு நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்திருந்தான். கீழேயிருந்து அவன் குரல் கேட்டது. "அரே மாரியப்பன், ஊபர் லே ஆவூம் க்யா?" மேலே கொண்டுவரட்டுமா?

நான் கயலைப் பார்த்தேன். தேர் வராது என்று தேங்காய் உடைத்தமாதிரி சொன்னவள், இப்போது தரையைப் பார்த்தாள். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. மாவ்ஷியிடம் "ஜி" என்றேன். பிறகு எட்டிப் பார்த்து, "வேணாம்டா, நானே வந்து எடுத்துக்கறேன்" என்றேன். அவன் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். பெட்டியை அப்பா தூக்குகிற மாதிரியே முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினேன். மூன்று நடை. மூன்றாவது நடைக்கு இறங்கியபோது ராஜேஷ் எதையோ புரிந்துகொண்டிருந்தான். டீ குடிக்கலாமா என்று கேட்கவில்லை. வரட்டுமா என்கிற மாதிரி "சல், மாரியப்பன்" என்று பைக்கை உதைத்தான். அவன் இப்போதும் அலுவலக வாசலில் சிரிக்கிறான். அவனைக் கீழே நிறுத்தியதில் டீசன்ட்டின் இணைச்சொற்களில் ஒன்று எனக்கும் பொருந்திவிட்டது என்பது அவனுக்குத் தெரியும்.

கதவில் பெயர் மாட்டச் சொன்னார் மாவ்ஷி; இல்லாவிட்டால் பார்சல்காரர்கள் அவர் கதவைத் தட்டுகிறார்களாம். வண்டிகளுக்கு நம்பர் பலகை செய்கிற கடையில், நாகரி எழுத்தில், சர்நேம் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அவருக்கு எந்த எழுத்தும் படிக்க வராது.

"இன்னாடா எழிலு எழுதியிருக்குது?"

"உன் பேருதாம்பா."

"எம்பேரா? நான் இங்க இருக்கேன், பேரு அங்க இன்னா பண்ணுது?" சிரித்தார். பிறகு மாடியைக் காட்டச் சொன்னார், படியைக் காட்டச் சொன்னார். தூக்குகிற மனிதருக்கு முதலில் கண்ணில் படுவது படிதான். "இவ்ளோ செங்குத்தா இருக்குது. சாமானெல்லாம் யாரு ஏத்துனா?"

"நான்தாம்பா."

"ஒத்தையாவா? ஒரு கை குடுக்க அந்த ஊர்ல ஆளே இல்லியா?"

உள்ளேயிருந்து கயல் சொன்னாள். "இருந்தாருப்பா. கீழ நின்னாரு."

அப்பாவுக்குப் புரியவில்லை. "எதுக்குக் கீழ நின்னாரு? அடுத்த தபா வந்தா மேல கூப்புட்டு ஒரு டீத்தண்ணி குடுங்கடா" என்றார். இணைப்பு விட்டுவிட்டு வந்தது. அவர் பெயர் போட்ட கதவுக்கு வெளியே, போனைத் தூக்கிப் பிடித்தபடி, நான் நின்றுகொண்டிருந்தேன்.