காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதியது

கம்பெனி வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. "ஸ்டோர் முருகவேல் காலமானார். சாவி செக்யூரிட்டியிடம் உள்ளது." இரண்டே வாக்கியங்கள். இரண்டாவதற்காகத்தான் முதலாவதை எழுதியிருந்தார்கள்.

முருகவேல் அண்ணன் அரியலூர்க்காரர். நாற்பத்தொரு வயது. எங்கள் சைட்டின் ஸ்டோர் கீப்பர். குவைத்தில், மங்காஃப் பகுதியில் ஒரே அறையில் மூன்று ஆண்டுகள் அவருடைய எதிர்க் கட்டிலில் நான் படுத்திருந்தேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். கோபத்திலும்தான்.

குவைத்துக்கு வரும் முன் பஹ்ரைனில் வேலை பார்த்தார். அது முடிந்து இது தொடங்குவதற்கு நடுவில் மூன்று மாதங்கள் கிடைத்தன. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பொலிவியாவுக்குப் போனார். ஏன் அங்கே? போய் இறங்கினால் விசா கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அவருக்கு அது போதுமாயிருந்தது.

சுக்ரே என்ற மலை நகரத்தில் இரண்டு நாள் தங்கத்தான் நினைத்தார். அங்கே ஸ்பானிஷை நிதானமாகப் பேசுகிறார்கள். கேட்கக் கேட்கப் புரிவதுபோல் இருந்ததாம். ஆறு வாரம் தங்கிவிட்டார். காலையில் வகுப்பு. அவர் வயதில் பாதிகூட இல்லாத பயணிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து வினைச்சொற்களை ஒப்பித்தார். அறை கொடுத்த எல்சா அம்மாள் தக்காளியும் மிளகாயும் அரைக்க ஒரு பெரிய கல் வைத்திருந்தார். அதை யாரையும் தொட விடமாட்டாராம். மூன்றாம் வாரம் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது, பாதியில் விட்ட பாடத்தை முடிக்கத் திரும்பி வருவதாக அவரிடம் அண்ணன் சொல்லிவிட்டு வந்தார்.

அறையில் நோட்டைத் திறந்துவைத்து அவர் முணுமுணுக்கும்போது முதலில் கிண்டல் செய்தவன் நான்தான். "யார்கிட்டண்ணே பேசப் போறீங்க, ஒட்டகத்துக்கிட்டயா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "இந்தில சிமெண்ட் கேக்குறேன். அரபில கையெழுத்துக் கேக்குறேன். இங்கிலீஷ்ல திட்டு வாங்குறேன். ஒரு பாஷையாவது வேலைக்கு இல்லாம இருக்கட்டும் தம்பி."

எங்கள் லீவு ஃபார்மில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவோம். மேனேஜருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். எங்கள் அம்மாக்கள் வருடந்தோறும் நோயில் விழுந்து எழுவார்கள். அண்ணன் மட்டும் உள்ளதை எழுதினார். ஒரு மாதம் ஊருக்கு. ஒரு மாதம் சுக்ரேயில் ஸ்பானிஷ் படிக்க. அது அவருக்குச் சேர வேண்டிய லீவு.

முதல் முறை ஃபார்ம் திரும்பி வந்தபோது நானும் உடனிருந்தேன். மேனேஜர் சென்னைக்காரர். பேச்சு மென்மையாகத்தான் இருந்தது.

"அம்மாவுக்கு முடியலன்னு போடுங்க முருகவேல். இப்பவே சைன் பண்றேன்."

"எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க சார். நான் மலை ஏறுறதுக்கு அவங்க எதுக்குப் படுக்கணும்?"

மூன்று ஆண்டுகள், மூன்று ஃபார்ம்கள். மூன்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே காரணம். மூன்றும் திரும்பி வந்தன. பிடிவாதம்தான். ஒரு பொய் எழுதியிருந்தால் அம்மாவையாவது பார்த்திருப்பார். ஆனால் அந்தப் பொய்யை ஏன் அவரிடம் கேட்டார்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் ஸ்டோர் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கேம்ப் மெஸ்ஸில் இரங்கல் கூட்டம். மேனேஜர் பேசினார். "மூணு வருஷமா லீவே எடுக்காத மனுஷன். அப்படி ஒரு ஈடுபாடு." எல்லோரும் தலையசைத்தோம். என் தலையும் அசைந்தது.

அவர் லீவு எடுக்காதவர் அல்லர். கேட்டவர். எழுதிக் கேட்டவர். மறுத்தவர்களே அந்த மறுப்பை அவருடைய பெருமையாக்கி அவருக்கு மாலையாகப் போட்டார்கள். அவருடைய பொருட்கள் பட்டியலில் பொலிவியா போய்வந்த அந்தப் பை 'பழைய பை, ஒன்று' என்றிருந்தது. உள்ளே இருந்த ஸ்பானிஷ் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நானே அதைப் பேனாவால் சேர்த்து எழுதினேன். பையும் நோட்டும் அவரோடு அரியலூர் போய்ச் சேர்ந்துவிட்டன.

நேற்று என் லீவு ஃபார்மைக் கொடுத்தேன். காரணம்: "முருகவேல் அண்ணன் திரும்பி வருவதாகச் சொன்ன சுக்ரே வீட்டுக்குப் போய், இனி வரமாட்டார் என்று சொல்ல."

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "அம்மாவுக்கு..." என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. திருப்பியும் தரவில்லை. ஃபார்ம் அவர் மேசையில்தான் கிடக்கிறது.

போய் வாருங்கள் அண்ணே. இந்த முறை உங்களிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.